காட்டுப்புறாக்கள் எப்போது மேயும், எப்போது மேயாது: வானிலைக்கும் அவற்றின் தீனிக்கும் உள்ள கணக்கு

கேள்வி இதுதான்: ஒரே வயல், அதே தானியம். ஒரு நாள் காட்டுப்புறாக்கள் கூட்டமாக வந்து விழுந்து விழுந்து தின்கின்றன, மறுநாள் ஒன்றுகூடக் கண்ணில் படுவதில்லை. இதற்கு வானிலைதான் காரணமா? மழை வரப்போவதை அறிந்து முன்கூட்டியே வயிற்றை நிரப்பிக்கொள்கின்றன என்கிறார்களே, உண்மையா? கடும் வெயிலிலும் குளிரிலும் நாம் தீனி வைத்தால் அவற்றுக்கு உதவியாக இருக்குமா?

வானிலைதான் பெரிய காரணம், சந்தேகமில்லை. ஆனால் வெயிலும் மழையும் புறாவின் பசியைத் தொடுவதைவிட அதன் தீனியைத்தான் அதிகம் தொடுகின்றன. விதை கண்ணுக்குத் தெரிகிறதா, மண்ணுக்குள் போய்விட்டதா, முளைத்துவிட்டதா, அதைத் தின்றால் குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்பதையெல்லாம் வானிலை முடிவு செய்கிறது. அதனால் இன்று வானம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பவரைவிட, நேற்றும் போன வாரமும் எப்படி இருந்தது என்று யோசிப்பவருக்குத்தான் புறாக்கள் எங்கே இருக்கும் என்பது பிடிபடும். சில இனங்களுக்குப் போன வருடத்து வெயிலைக்கூடக் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும்.

புறாக் குடும்பத்தில் 300க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. தரையில் சிந்திய விதையைப் பொறுக்கும் தவிட்டுப்புறாக்களும், மரத்தைவிட்டு இறங்காமல் பழம் தின்னும் பச்சைப்புறாக்களும், பாறைப் பிளவில் கூடுகட்டும் மாடப்புறாவும் ஒரே மழையை ஒரே மாதிரி எதிர்கொள்வதில்லை. ஆராய்ச்சியாளர்கள் அதிகம் பின்தொடர்ந்தது ஐரோப்பாவின் பெரிய மரப்புறாவை. ஏறக்குறைய அரைக் கிலோ எடையுள்ள அந்தப் பறவை பயிரைத் தின்று தீர்ப்பதால், 1960களில் இங்கிலாந்தில் ரொனால்ட் மர்ட்டனும் அவருடைய கூட்டாளிகளும் அதன் ஒவ்வொரு வேளைத் தீனியையும் ஆராய்ந்தார்கள். உடலுக்குள் நடப்பதைப் பற்றித் தெரிந்தவையோ பெரும்பாலும் மாடப்புறாவிடம் செய்த சோதனைகளிலிருந்து வந்தவை. கீழே சொல்வதில் இந்த இரண்டும் அடிக்கடி வரும்.

முதலில் தீனிப்பையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். புறாவின் கழுத்தடியில் இருபுறமும் பிரிந்து விரியும் பை அது. தின்ற விதை அங்கே தங்கி ஊறும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அரைவைப்பைக்கு இறங்கும். அங்கே புறா ஏற்கெனவே விழுங்கி வைத்திருக்கும் பருக்கைக் கற்கள் அதை அரைக்கும். இதனால் புறாவுக்குப் பெரிய வசதி: ஆபத்தான வெட்டவெளியில் அவசரமாக அள்ளிக்கொண்டு, பத்திரமான மரத்தில் உட்கார்ந்து நிதானமாகச் செரித்துக்கொள்ளலாம். தின்னும் நேரமும் செரிக்கும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒரு புறா மேயவில்லை என்றால் அதற்குப் பசியில்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. பை நிறைந்திருக்கலாம், அல்லது இறங்கி மேய இது தோதான நேரமில்லை என்று ஒத்திப் போட்டிருக்கலாம்.

இந்தப் பையின் முழு மதிப்பும் குளிர்கால மாலையில்தான் தெரியும். இங்கிலாந்தில் டிசம்பர் பகல் ஏறக்குறைய எட்டு மணி நேரம், மீதிப் பதினாறு மணி நேரம் இருட்டு. அந்த இரவைக் கடக்கத் தேவையானதை எல்லாம் அந்தச் சின்னப் பகலுக்குள் சேர்த்தாக வேண்டும். அறுவடை முடிந்த வயலில் தானியம் சிந்திக் கிடக்கும் இலையுதிர் காலத்தில் சில மணி நேரம் மேய்ந்தால் போதும், மற்ற நேரமெல்லாம் மரத்தில் உட்கார்ந்து சிறகு கோதிக்கொண்டிருக்கும் அதே மரப்புறா, நடுக்குளிர்காலத்தில் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை ஏறக்குறைய ஓயாமல் மேய்கிறது. மாலையில் அடையப் போகும் கூட்டத்தைத் தொலைநோக்கியில் பார்த்தால் கழுத்தடி புடைத்திருப்பது தெரியும். கடுங்குளிரில் அந்தப் புடைப்பு இல்லாமல் ஒரு பறவை அடைகிறது என்றால் அதன் நிலைமை மோசம்.

அப்படிப் பட்டினியாக அடையும் பறவை என்ன செய்யும்? புறாவின் உடல் வெப்பம் பகலில் 41, 42 டிகிரி செல்சியஸ். போதிய தீனி கிடைக்காத இரவுகளில் அது அந்த வெப்பத்தைச் சில டிகிரி இறக்கிக்கொள்கிறது, செலவு குறையும். தீனிப்பை நிறைந்திருக்கும் இரவிலோ வேறொரு லாபம் இருக்கிறது. செரிமானம் நடக்கும்போது தானாக வெப்பம் உண்டாகும், அந்த அளவுக்கு உடலை நடுக்கி வெப்பம் உண்டாக்கும் வேலை மிச்சம். குளிர்நாளில் கடைசி வெளிச்சம்வரை புறா விடாமல் தின்பதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொன்று, சிட்டு போன்ற சின்னப் பறவைக்குக் கடுங்குளிரில் ஒரு நாள் தீனி தவறினாலே உயிருக்கு ஆபத்து. முன்னூறு, ஐந்நூறு கிராம் எடையுள்ள புறா சில நாள் பட்டினியைத் தாங்கும். அதனால்தான் மோசமான வானிலையில் ‘இன்று போகாவிட்டால் என்ன’ என்று காத்திருக்கும் சலுகை அதற்கு உண்டு. ஒரே ஒரு நாள் புறாக்கள் காணாமல் போவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

குளிர் மட்டும் தனியாக வந்தால் மரப்புறா சமாளித்துவிடும். அதற்கு எமனாக வருவது தரையை மூடும் வெண்பனி. மர்ட்டன் ஆராய்ந்த காலத்தில் அந்தப் பறவைகளின் குளிர்கால உணவு பெரும்பாலும் தரையோடு படர்ந்திருக்கும் க்ளோவர் என்ற தீவனச்செடியின் இலை. ஒரு சாண் வெண்பனி விழுந்தால் அத்தனையும் மறைந்துவிடும். புறாவுக்குக் கோழியைப் போலக் காலால் கிளறும் பழக்கம் கிடையாது. அலகால் அப்படியும் இப்படியும் தள்ளிப் பார்க்கும், அவ்வளவுதான். அதனால் பனிக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருக்கும் முட்டைக்கோஸ் குடும்பப் பயிர்களுக்கு மொத்தக் கூட்டமும் மாறிவிடும். தோட்டக்காரர்கள் திடீரென்று எங்கிருந்து இத்தனை புறா என்று தலையில் கை வைப்பது அப்போதுதான். எண்ணிக்கை கூடியிருக்காது, பரவி மேய்ந்தவை ஒரே இடத்தில் குவிந்திருக்கும்.

இலை தின்று பிழைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. தானியத்தில் பத்தில் ஒரு பங்குதான் தண்ணீர், இலையிலோ பெரும்பகுதி தண்ணீர். அதே சக்திக்குப் பல மடங்கு அள்ளி விழுங்க வேண்டும். 1970களில் ராபர்ட் கென்வர்டும் ரிச்சர்ட் சிப்லியும் காட்டியது இதைத்தான்: முட்டைக்கோஸ் வகை இலைகளை மேயும் மரப்புறாவுக்கு முட்டுக்கட்டையாக இருப்பது குடல். பறிக்கும் வேகம் எவ்வளவு இருந்தாலும் செரிக்கும் வேகத்துக்கு ஒரு வரம்பு இருக்கிறது. பகல் முழுக்க மேய்ந்தும் எடை குறைவது அதனால்தான். அதே 1970களிலிருந்து குளிர்காலத்தில் வயலில் நிற்கும் எண்ணெய்க்கடுகுப் பயிர் பிரிட்டனில் பெருகியபோது மரப்புறாக்களும் பெருகின. வானிலை மாறவில்லை, வெண்பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தீனி கிடைத்தது, குளிர்காலச் சாவு குறைந்தது.

பசி கூடும்போது பயம் குறையும் என்பது புறாவுக்கும் பொருந்தும், ஆனால் அதற்கு அது விலை கொடுக்கிறது. கென்வர்ட் பழக்கிய வேட்டைப் பருந்தை மரப்புறாக்களின்மேல் ஏவிப் பார்த்தார். தனியாக மேயும் புறா என்றால் பத்து முயற்சியில் எட்டு பலித்தது, ஐம்பதுக்கு மேற்பட்ட கூட்டம் என்றால் பத்தில் ஒன்றுகூடப் பலிக்கவில்லை. பல கண்கள் இருந்தால் பருந்தைத் தூரத்திலேயே பார்த்துவிடுகின்றன. குளிர்காலத்தில் பெரிய கூட்டமாக மேய்வதன் காரணம் இங்கே பாதி வந்துவிட்டது. கூட்டத்தில் சேர்ந்தால் ஒவ்வொரு பறவையும் தலை தூக்கிப் பார்க்கும் நேரம் குறைந்து குனிந்து தின்னும் நேரம் கூடுகிறது. எட்டு மணி நேரப் பகலில் அந்தச் சில நொடிகள் முக்கியம். மெலிந்த பறவைகள்தான் பெரும்பாலும் தனித்து நின்று மாட்டிக்கொள்கின்றன.

காற்றுக்கு வருவோம். புறா காற்றை எதிர்த்து இறங்கும், காற்றை எதிர்த்தே ஏறும், மேயும்போதும் பெரும்பாலும் முகத்தைக் காற்றுப் பக்கம் வைத்துக்கொண்டு நகரும். பின்னாலிருந்து காற்றடித்தால் இறகு விரிந்து குளிர் உள்ளே புகும், அவசரத்தில் எழும்பவும் சிரமம். பலத்த காற்றுள்ள நாளில் வயலின் நடுவே இறங்க மனமில்லாமல் வேலி ஓரம், தாழ்ந்த நிலம், மரவரிசையின் மறைவு என்று ஒதுங்கி மேயும். பறப்பதும் தாழப் பறக்கும். இலைகளின் சலசலப்பில் ஆபத்தின் சத்தம் கேட்காது, எல்லாமே அசைந்துகொண்டிருப்பதால் எது பருந்து எது கிளை என்று பிரித்தறியவும் நேரமாகும். அதனால் அடிக்கடி எழும்பி எழும்பி உட்காரும். நேற்று மேய்ந்த வயலில் இன்று புறா இல்லையென்றால், காற்றுத் திசை மாறியதா என்று ஒரு முறை பாருங்கள். பக்கத்து வயலின் மறைவான ஓரத்தில் அதே கூட்டம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

தூறலைப் புறா ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. இறகு உதிர்த்துக்கொண்டே இருக்கும் வெண்பொடி அதன் உடலெங்கும் பூசியிருக்கும், நீர் எளிதில் ஒட்டாது. கண்ணாடிச் சன்னலில் மோதிய புறா தன் உருவத்தை அப்படியே வெள்ளையாகப் பதித்துவிட்டுப் போவது அந்தப் பொடியால்தான். வெப்பமான நாளில் லேசான மழை வந்தால் ஒரு சிறகைத் தூக்கிப் பிடித்துச் சாய்ந்து கிடந்து குளிப்பதையும் பார்க்கலாம். கொட்டும் மழை வேறு கதை. சிறகு கனக்கும், பார்வை மங்கும், பருந்து வந்தால் எழும்பத் தாமதமாகும். அப்போது அடர்ந்த மரத்திலோ பாறை இடுக்கிலோ உட்கார்ந்துவிடும். மழை விட்டதும் ஒரே வீச்சில் எல்லாம் இறங்கி அவசரமாக மேய்வதைத்தான் பலர் வெறிகொண்டு தின்பதாகச் சொல்கிறார்கள். இழந்த நேரத்தை ஈடுகட்டுகின்றன, வேறொன்றுமில்லை. ஆனால் உயரமான புல்லும் பயிரும் ஈரமாக நிற்கும் இடத்தில் உடனே இறங்கப் பிடிக்காது. குட்டைக் கால்கள், மார்பும் வயிறும் நனைந்துவிடும். பனித்துளி காயும்வரை வெறுந்தரையிலும் அறுத்த வயலிலும் முதலில் மேயும்.

நிற்கும் கதிரில் புறாவால் ஏறி உட்கார்ந்து தின்ன முடியாது, தண்டு தாங்காது. புயலும் கனமழையும் பயிரைச் சாய்த்துப் போட்டால் அதே வயல் அடுத்த நாள் விருந்து மண்டபம். கோதுமை, வாற்கோதுமை வயல்களில் சாய்ந்த திட்டுகளில்தான் மரப்புறாக்கள் இறங்கும். அங்கிருந்து மிதித்து மிதித்து ஓரங்களையும் விரிவாக்கிக்கொள்ளும். கடும் வெயிலில் முற்றிய பயறு வகைகளின் நெற்று வெடித்துச் சிதறினாலும் இதே கதைதான். மழை நின்ற பிறகு வெட்டவெளியாகத் தெரியும் விதைகளும் உண்டு, அதே மழையால் சேற்றுக்குள் புதைந்துபோகும் விதைகளும் உண்டு. மண்ணைப் பொறுத்து இரண்டும் நடக்கும்.

மூடுபனியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: கண்ணை நம்பி வாழும் பறவை, கண் தெரியாதபோது அடைந்த மரத்தைவிட்டுக் கிளம்பத் தயங்கும். அடர்ந்த மேகமுள்ள நாளில் காலையில் தாமதமாகக் கிளம்பி மாலையில் சீக்கிரம் அடையும். கடிகாரம் அதற்கு வெளிச்சம்தான்.

அப்புறம் வெயில். வெப்பமான நாட்டில் விதை தின்னும் புறாக்களுக்கு விடிந்து சில மணி நேரம் ஒரு வேளை, பொழுது சாயும்போது இன்னொரு வேளை. நடுப்பகலில் நிழலில் வாயைத் திறந்து, தொண்டையை அதிரவிட்டு, அசையாமல் உட்கார்ந்திருக்கும். இதைப் பார்த்துப் புறாவுக்கு வெயில் ஆகாது என்று நினைத்துவிட வேண்டாம். வியர்வைச் சுரப்பி இல்லாவிட்டாலும் தோல் வழியாகவே நீரை ஆவியாக்கி உடலைக் குளிர்விப்பதில் புறாக்கள் கெட்டிக்காரப் பறவைகள். இஸ்ரேலில் ஜேக்கப் மார்டர் நடத்திய சோதனைகளில், படிப்படியாக வெப்பத்துக்குப் பழக்கிய மாடப்புறாக்கள் 60 டிகிரி செல்சியஸ் உலர்காற்றில்கூடத் தாக்குப் பிடித்தன. ஒரே நிபந்தனை, உடலில் தண்ணீர் இருக்க வேண்டும்.

வெயில்காலத்தில் புறா எங்கே மேயும் என்பதைத் தானியம் முடிவு செய்வதில்லை என்றே சொல்லிவிடலாம், தண்ணீர்தான் முடிவு செய்கிறது. பூச்சி தின்னும் பறவைக்கு இரையிலேயே ஈரம் கிடைத்துவிடும். காய்ந்த விதையை நம்பும் புறாவுக்கு அந்த வழி கிடையாது, குடித்தாக வேண்டும். தண்ணீர் கிடைக்காத புறா தானியம் முன்னால் குவிந்து கிடந்தாலும் தின்பதைக் குறைத்துவிடும். தீனிப்பையில் விதை ஊறவும், செரித்ததன் கழிவை வெளியேற்றவும் நீர் வேண்டுமே. அதிர்ஷ்டவசமாக அது குடிக்கும் விதம் வேகமானது. மற்ற பல பறவைகள் அலகில் கொஞ்சம் எடுத்துத் தலையை அண்ணாந்து இறக்கும். புறா அலகை மூழ்கவிட்டு உறிஞ்சியே குடிக்கும். குளத்தங்கரையில் பருந்து காத்திருக்கும் ஊரில் அந்தச் சில நொடிச் சேமிப்பு உயிரைக் காக்கும். வறண்ட மாதங்களில் தண்ணீரிலிருந்து பறந்து எட்டக்கூடிய தூரத்துக்குள் இருக்கும் வயல்களில்தான் கூட்டம் சேரும். அதற்கு அப்பால் எவ்வளவு தானியம் சிந்திக் கிடந்தாலும் அது அவற்றுக்கு இல்லாத மாதிரிதான்.

கூடு இருக்கும் பருவத்தில் இந்தக் கணக்கு இன்னும் சிக்கலாகிறது. பெரும்பாலான புறா இனங்களில் காலை நடுப்பகுதியிலிருந்து பிற்பகல்வரை ஆண் அடைகாக்கும், மற்ற நேரமும் இரவும் பெண். ஆகவே நடுப்பகலில் வயலில் மேய்வது பெண்ணாகவும், விடியற்காலையிலும் மாலையிலும் மேய்வது ஆணாகவும் இருக்கும். வெயில் கொளுத்தும் நேரம்தான் பெண்ணின் மேய்ச்சல் நேரம்! ஆணுக்கும் சுகமில்லை. வட அமெரிக்காவின் சொனோரன் பாலைவனத்தில் அழுகைப்புறா என்ற இனம் 45 டிகிரியைத் தாண்டும் வெயிலில் திறந்த கூட்டில் உட்கார்ந்திருக்கும். தன் உடலை வெளிக்காற்றைவிடக் குளிர்ச்சியாக வைத்து முட்டைகளின் சூட்டை இறக்கும். நம் ஊகத்துக்கு நேர்மாறாக, அங்கே அடைகாப்பது என்பது குளிரவைப்பது. மாற்று வந்ததும் அது முதலில் போகுமிடம் தீனிக்கல்ல, தண்ணீருக்கு.

அதே பாலைவனத்தில் வெண்சிறகுப் புறா வேறு வழி கண்டிருக்கிறது. சகுவாரோ என்னும் ராட்சதக் கள்ளி, கோடை மழைக்கு முன்னால், எல்லாம் வறண்டு கிடக்கும்போது பூத்துக் காய்க்கும். அந்தப் பூவின் தேனும் பழச்சதையும் அந்தப் புறாவுக்குச் சாப்பாடும் தண்ணீரும் சேர்ந்தது. விதை தின்னும் குடும்பம் என்ற முத்திரையை நம்பினால் இது புரியாது.

வறண்ட நிலத்தில் மழை வந்தால் புறாவுக்குக் கொண்டாட்டம் என்று எல்லோரும் நினைப்பார்கள். முதல் சில நாட்களுக்கு அது நேர் எதிர். மண்ணின்மேல் மாதக்கணக்கில் கிடந்த விதையெல்லாம் ஒரே மழையில் முளைத்துவிடும். நேற்றுவரை களஞ்சியமாக இருந்த தரை இன்று பச்சைத் தளிர். புதுச் செடி பூத்து விதை உதிர்க்கப் பல வாரம் ஆகும். ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்காகத் திரியும் கெலியா என்ற விதை தின்னும் குருவி, முதல் மழைக்குப் பிறகு கூண்டோடு இடம்பெயர்வது இதனால்தான். உங்கள் வயலில் நல்ல மழைக்குப் பின் புறாக்கள் மறைந்ததற்கும் இதுவே முதல் காரணமாக இருக்கலாம். குனிந்து மண்ணைப் பாருங்கள், விதை முளைவிட்டிருந்தால் பதில் கிடைத்துவிட்டது.

மழையையே துரத்திக்கொண்டு வாழும் புறாக்களும் இருக்கின்றன. பிரேசிலின் வடகிழக்கில் முட்புதர்க் காடுகளில் ‘அவோவாண்டே’ என்று மக்கள் அழைக்கும் புறா, மழை பெய்து விதை உதிரும் இடத்தைத் தேடிப் பெருங்கூட்டமாக வந்து தரையிலேயே முட்டையிடும், விதை தீர்ந்ததும் அடுத்த இடம். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் புல்வெளிகளில் வாழும் வெண்கலச் சிறகுப் புறா வகை ஒன்றும் அப்படித்தான். நல்ல மழைக்குப் பின்வரும் மாதங்களில் ஆயிரக்கணக்கில் பெருகி, மாலையில் நீர்நிலைகளுக்குக் கூட்டம் கூட்டமாக வந்திறங்கும். வறட்சியில் எங்கே போயிற்று என்றே தெரியாது.

இன்னும் பின்னோக்கிப் போனால் போன வருடத்து வெயில். காட்டில் கொட்டை உதிர்க்கும் பீச் (beech), ஓக் மரங்கள் எல்லா வருடமும் ஒரே மாதிரி காய்ப்பதில்லை. பீச் மரம் முந்தைய கோடை வெப்பமாகவும் வறண்டும் இருந்தால் அடுத்த வருடம் கொட்டோ கொட்டென்று காய்க்கும். அப்படிப்பட்ட இலையுதிர் காலத்தில் மரப்புறாக்கள் காட்டுக்குள் தரையில் கொட்டை பொறுக்கிக்கொண்டிருக்கும், வயலில் காணக் கிடைக்காது. காய்ப்பு பொய்த்த வருடம் சீக்கிரமே வயலுக்கு வந்துவிடும். இந்தச் சார்பின் உச்சம் வட அமெரிக்காவின் பயணப்புறா. கோடிக்கணக்கில் பறந்த அந்தப் பறவை, வசந்தத்தில் பனி உருகி வெளிப்படும் முந்தைய வருடத்துக் கொட்டைகளை நம்பித்தான் எங்கே கூடுகட்டுவது என்று முடிவு செய்தது. அதன் கடைசிப் பறவை 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக்காட்சிசாலையில் இறந்தது. அழித்தது வானிலையல்ல, வேட்டையும் காடழிப்பும்.

ஐரோப்பாவில் கோடையைக் கழிக்கும் கருங்கழுத்துத் தவிட்டுப்புறா குளிர்காலத்துக்குச் சகாரா பாலைவனத்தைத் தாண்டிப் போகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் தானிய விளைச்சல் குறைந்த வருடங்களில் பிரான்சுக்குத் திரும்பி வரும் பறவைகளும் குறைகின்றன. அங்கே பொய்த்த மழை, இங்கே காலியான வேலி.

பழம் தின்னும் புறாக்களுக்குப் பெரிய எதிரி புயல். ஒரே இரவில் பழம், பூ, இலை எல்லாம் உதிர்ந்துவிடும், பெருமரங்கள் மறுபடி காய்க்க மாதங்கள் ஆகும். அதுவரை உயிரோடிருக்கும் பறவைகள் வழக்கமில்லாத இடத்தில் வழக்கமில்லாததைத் தின்னும், தரைக்கும் இறங்கும், வேட்டைக்காரனுக்கும் பூனைக்கும் எளிதாகச் சிக்கும். மொரீஷியஸ் தீவின் இளஞ்சிவப்புப் புறா 1990களின் தொடக்கத்தில் காட்டில் பத்துப் பறவை அளவுக்குச் சுருங்கியதில் காடழிப்பு, எலி, பூனை இவற்றோடு புயலுக்குப் பின்வரும் பஞ்சத்துக்கும் பங்குண்டு. அங்கே தீனி வைத்து அவற்றைத் தேற்றினார்கள். நியூசிலாந்தின் கெரேரு புறா போன்ற சில இனங்கள் பழமில்லாத காலத்தில் இலைக்கு மாறிப் பிழைக்கும். உயிர் தங்கும், ஆனால் முட்டையிடுவது பழம் உள்ள வருடத்தில்தான் சூடுபிடிக்கும்.

சரி, மழை வருமுன் அவை அறிகின்றனவா? அறியக்கூடிய கருவி அவற்றிடம் இருக்கிறது, அது நிச்சயம். 1974இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மெல்வின் கிரெய்தனும் வில்லியம் கீட்டனும் செய்த சோதனையில், பத்து மீட்டர் உயரம் ஏறினால் ஏற்படும் காற்றழுத்த மாற்றத்தைக்கூடப் புறா உணர்வது தெரிந்தது. நம் காதுக்கு எட்டவே எட்டாத, தொலைவுப் புயல்கள் எழுப்பும் மிகத் தாழ்ந்த அதிர்வொலியையும் அது கேட்கிறது என்று 1979இல் காட்டினார்கள். வட அமெரிக்கச் சிட்டு ஒன்றை வைத்து 2013இல் வெளியான ஆய்வில், அறைக்குள் அழுத்தத்தை மட்டும் இறக்கியபோது அந்தச் சிட்டு கூடுதலாகத் தின்றது.

இதையெல்லாம் சேர்த்து ‘அழுத்தம் இறங்கினால் புறா மேயும்’ என்று சூத்திரம் போடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வெளியே அழுத்தம் தனியாக இறங்குவதில்லை. கூடவே காற்று எழும், வெளிச்சம் மங்கும், ஈரம் ஏறும். இவற்றில் ஒவ்வொன்றும் மேய்ச்சலை மாற்றப் போதுமானது. மேகம் கட்டினாலே மாலை சீக்கிரம் வந்ததுபோலப் புறா அவசரப்படும். அது சிட்டைவிடப் பல மடங்கு கனமான, பட்டினி தாங்கக்கூடிய பறவை என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு மழைக்காகப் பதறும் தேவை அதற்குக் குறைவு. நாள் நீளம், தரை மூடியிருக்கிறதா, தண்ணீர் எங்கே என்ற மூன்றையும் வைத்துக் கணித்தால் காற்றழுத்தம் காட்டும் பாரமானியைப் பார்க்காமலே பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடலாம்.

நகரத்து மாடப்புறாவைப் பார்த்து இந்த முடிவுகளைச் சோதிக்க நினைத்தால் ஏமாறுவீர்கள். அதற்கு வானிலை மனிதர்கள் வழியாகத்தான் வருகிறது. மழை நாளில் சதுக்கத்தில் மனிதர் இல்லை, சிந்தும் தீனி இல்லை, புறா வேறிடம் போகிறது. மழையைப் பொறுக்காமல் போனது என்று நாம் எழுதிவைப்போம்.

கடைசியாக, தீனி வைப்பது. வெயில்காலத்தில் தானியத்தைவிடத் தண்ணீர் வையுங்கள், அலகு மூழ்கும் ஆழம் இருக்கட்டும், விளிம்பில் உட்கார இடம் இருக்கட்டும். உறைகுளிரில் பிற்பகலில் வைத்த தானியம் காலையில் வைத்ததைவிடப் பயன்படும். அடையும் நேரத்துக்குப் பை நிறையும். வெண்பனி மூடிய இடங்களில் கொஞ்சம் பருக்கைக் கல்லும் கலந்து வைக்கலாம், அவை சாலையோரம் கல் பொறுக்கப் போய் வண்டியில் அடிபடுவது குறையும். எதுவானாலும் ஒரே இடத்தில் குவிக்காதீர்கள். புறாக்களின் தொண்டையில் புண்ணாகி விழுங்க முடியாமல் கொல்லும் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி, எச்சில் பட்ட தண்ணீரிலும் நனைந்த தானியத்திலும் தாக்குப்பிடித்து அடுத்த பறவைக்குத் தொற்றும். காய்ந்த தானியத்தில் சீக்கிரம் செத்துவிடும். கலிபோர்னியாவில் பட்டைவால் புறாக்கள் இந்த நோயால் கூட்டமாக மடிந்தது பெரும்பாலும் மழை குறைந்த குளிர்காலங்களில். இருக்கும் சில நீர்நிலைகளில் எல்லாப் பறவைகளும் நெருக்கியடித்துக் குடித்தால் தொற்று பரவுவது எளிது. ஆகவே தண்ணீரைத் தினமும் கொட்டிப் பாத்திரத்தைத் தேய்த்துக் காயவைத்து நிரப்புங்கள், மழையில் நனைந்த தானியத்தை அள்ளி எறியுங்கள், கழுத்து வீங்கி எச்சில் ஒழுக நிற்கும் பறவை ஒன்று தெரிந்தாலும் இரண்டு வாரத்துக்குத் தீனியும் தண்ணீரும் வைப்பதை நிறுத்திவிடுங்கள்.